லெனகாபவிர் ஊசி: தோலுக்கடியில் தங்கும் தடிப்பு பற்றி

எச்.ஐ.வி. தடுப்புக்காக ஆறு மாதங்களுக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசிக்கு அமெரிக்காவில் 2025 ஜூனில் அனுமதி கிடைத்தது. கலிபோர்னியாவில் வசிக்கும் நான், தினசரி மாத்திரையிலிருந்து இதற்கு மாறியவன். மருந்தின் திறனைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். ஊசி போட்ட இடத்தில் நிகழ்வதைப் பற்றித்தான் புதிதாகத் தொடங்குவோர் அதிகம் அஞ்சுகிறார்கள்.

ஒவ்வொரு தவணையிலும் 1.5 மி.லி. கொண்ட இரண்டு ஊசிகள், தொப்புளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, வயிற்றுத் தோலுக்கடியில் போடப்படுகின்றன. மஞ்சள் நிற மருந்து இறங்கும்போது நன்றாகவே எரிகிறது. முன்கூட்டியே பனிக்கட்டி ஒற்றடம் கொடுத்தால் அது குறைகிறது. சிவப்பும் வலியும் சில நாள்களில் அடங்கியபின், கொண்டைக்கடலை அளவில் ஒரு தடிப்பு மிஞ்சுகிறது. கண்ணுக்குத் தெரியாது, மல்லாந்து படுத்து விரலால் அழுத்தினால் தட்டுப்படும். இடுப்புவார் உரசும் இடத்தில் அமைந்துவிட்டால் உட்காரும்போதெல்லாம் உறுத்தும் என்பதால், இப்போது சற்று மேலே போடச் சொல்கிறேன்.

மருந்து அங்கேயே தேங்கி மெல்ல மெல்லக் கரைவதால்தான் ஆறு மாதம் தாங்குகிறது. அந்தத் தேக்கத்தை அந்நியப் பொருளாகக் கருதும் உடல், வெள்ளை அணுக்களாலும் நார்த்திசுவாலும் அதைச் சூழ்ந்துகொள்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் பெண்களிடையே நடந்த பர்பஸ் 1 ஆய்வில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினருக்கு இத்தகைய தடிப்பு வந்தது. ஊசியிட எதிர்வினைகளால் மருந்தை நிறுத்தியவர்களோ 0.2 விழுக்காட்டினர் மட்டுமே. அடுத்தடுத்த தவணைகளில் எதிர்வினை குறைவதாகவும் ஆய்வுகள் காட்டின. என் அனுபவமும் அதுவே. தடிப்பைத் தேய்ப்பதும் பிசைவதும் வேண்டாம்.

ஆனால் சீழ், நாளுக்கு நாள் பெருகும் வீக்கம், தோல் கருத்தல், புண் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்து தோலுக்கடியில் இறங்காமல் தோலுக்குள்ளேயே செலுத்தப்பட்டால் திசு அழியக்கூடும் என்பதால், கைதேர்ந்த செவிலியரிடம் போட்டுக்கொள்வது மிக முக்கியம்.

கையில் தோலுக்கடியில் பதிக்கும் தடுப்பு மருந்துக் குச்சிகளும் ஆய்வில் உள்ளன. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பெண்களிடம் சோதிக்கப்பட்ட, டெனோஃபோவிர் அலாஃபெனமைடு என்ற எச்.ஐ.வி. மருந்து அடங்கிய குச்சிக்குத் திசு எதிர்வினைதான் பெருந்தடையாக நின்றது. எனினும் குச்சியைத் தேவைப்பட்டால் வெளியே எடுத்துவிடலாம். ஊசியில் போன மருந்தை எடுக்க வழியில்லை. அதன் எச்சம் ஓராண்டோ அதற்கு மேலோ உடலில் இருக்கக்கூடும். மருந்து அப்படிக் குறைந்த அளவில் இருக்கும்போது தொற்று ஏற்பட்டால் வைரஸ் மருந்தெதிர்ப்பு பெற வாய்ப்புண்டு. ஆகவே தடிப்பு பிடிக்காமல் ஊசியை நிறுத்துபவர்கள், தொற்று அபாயம் தொடரும் பட்சத்தில், கடைசி ஊசியிலிருந்து 28 வாரங்களுக்குள் வேறொரு தடுப்பு மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.