வயர்ஷார்க்: டெபியன் பொதியா, மூல நிரலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகள் பயிலும் கணினி நிலையமொன்றில், வலைப் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் ஆயத்தப் பொதியாக நிறுவுவதா, மூல நிரலிலிருந்து நாமே தொகுப்பதா என்பது கேள்வி.

டெபியன் நிலைப்பதிப்பில் வயர்ஷார்க்கின் பதிப்பு எண் சற்றுப் பழையதாகவே இருக்கும். அதைக் கண்டு ஓட்டை மென்பொருள் என்று முடிவுகட்டக் கூடாது. பராமரிப்பாளர்கள் அதே கிளையின் (பதிப்பு வரிசையின்) திருத்த வெளியீட்டையோ, புதிய கிளையிலிருந்து பிரித்தெடுத்த பாதுகாப்பு ஒட்டுகளையோ (திருத்தத் துண்டுகளையோ) சேர்த்துவிடுகிறார்கள். எண்ணின் வாலில் வரும் 'டெப்12யு1' (deb12u1: டெபியன் 12-க்கான திருத்தம்) போன்ற குறி அதற்குச் சாட்சி. நிறுவும்போது, சாதாரணப் பயனர்களும் வலைப் போக்குவரத்தைப் பிடிக்கலாமா என்று ஒரு கேள்வி எழும். 'ஆம்' என்றால், 'வயர்ஷார்க்' குழுவில் சேர்க்கப்பட்ட மாணவர்களுக்காக போக்குவரத்தைப் பிடிக்கும் டம்ப்கேப் என்ற சிறு நிரலுக்கு மட்டும் சிறப்பு உரிமை கிடைக்கிறது. பிடித்த தரவைப் பிரித்துப் படிக்கும், பிழைகள் அதிகம் முளைக்கும் நெறிமுறைப் பகுப்பிகள் ரூட் (முழு நிர்வாகி) உரிமையின்றியே இயங்குகின்றன. எனக்கு இதுவே பெரிய ஆதாயம்.

மூல நிரலில் புதிய வசதிகள் உடனே கிடைக்கும். ஆனால் கியூடி, ஜிலிப், லிப்பிகேப் ஆகிய நிரலகங்களின் மேம்பாட்டுப் பொதிகளைத் திரட்ட வேண்டும். உரிமைகளையும் நாமே அமைக்க வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் சொந்த ஒட்டுகளை மீண்டும் பொருத்த வேண்டும். புதிய பகுப்பி எழுதுபவருக்கு அது தகும். அவருக்கும் பெரும்பாலும் லுவா என்ற நிரல் மொழியே போதும். பயிற்சி நிலையத்திற்கு டெபியன் பொதியையே பரிந்துரைப்பேன்.