ஆறு வாட், இருபது மீட்டர் ஒயர்: எஃப்டி-818உடன் நாலு வருஷம்

எஃப்டி-818 என்ற இந்தச் சின்ன ரிக் (அனுப்பவும் கேட்கவும் செய்கிற ரேடியோப் பெட்டி) கைக்கு வந்து நாலு வருஷம் முடிந்துவிட்டது. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் மெனு, பட்டன், டிஸ்ப்ளே என்று எழுதித் தள்ளியிருப்பேன். இப்போது யோசித்தால் அதெல்லாம் இரண்டாம் பட்சம். குறைந்த திறனில் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக அலைவழி பேசுவது) தொடங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஒயரைப் பற்றியும் காதைப் பற்றியும்தான்.

முதலில் ரிக். யாயெசு எஃப்டி-818, 2018இல் வந்தது. 2000களின் தொடக்கத்தில் வந்து உலகம் பூராவும் பரவிய எஃப்டி-817இன் வாரிசு. 135 மில்லிமீட்டர் அகலம், 38 மில்லிமீட்டர் உயரம், 165 மில்லிமீட்டர் ஆழம். பேட்டரி, ஆண்டெனா இல்லாமல் 900 கிராம். பேண்டுகளை (அதிர்வெண் பட்டைகளை) அலை நீளத்தால்தான் அழைப்போம்; 160 மீட்டரில் தொடங்கி ஷார்ட்வேவ் பேண்டுகள் எல்லாம், அதற்கு மேல் 6 மீட்டர், 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் என்று மொத்தமும் இந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. எஸ்எஸ்பி (ஷார்ட்வேவில் குரலுக்கான முறை), மோர்ஸ், ஏஎம், எஃப்எம் எல்லா முறைகளும் உண்டு. வெளி மின்சாரத்தில் 6 வாட் கொடுக்கும். உள்ளே இருக்கும் பேட்டரியில் ஓடும்போது தானாகவே 2.5 வாட்டுக்கு இறங்கிக்கொள்ளும்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இதே இடத்தில் நிறையப் பேர் தடுமாறியிருக்கிறார்கள். இதில் ஆண்டெனா சாக்கெட் இரண்டு. முன்பக்கம் பிஎன்சி என்ற சின்ன சாக்கெட், பின்பக்கம் திருகி முடுக்கும் பெரிய சாக்கெட். ஆண்டெனாவை முன்பக்கம் மாட்டி 20 மீட்டரைத் திறந்தேன். வெறும் 'உஸ்' சத்தம். ஒரு மணி நேரம் டயலை உருட்டினேன், ஒரு குரல் கூட இல்லை. மேனுவலைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது: ஷார்ட்வேவ் பேண்டுகளுக்குப் பின்பக்க சாக்கெட்தான் முதல் அமைப்பு. எந்த பேண்டுக்கு எந்த சாக்கெட் என்று மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். நல்லவேளை, அந்த ஒரு மணி நேரத்தில் நான் மைக்கை அமுக்கவில்லை. ஆண்டெனா இல்லாத சாக்கெட்டில் டிரான்ஸ்மிட் செய்தால் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர்களுக்கு ஆபத்து. ரிக் வாங்கிய அன்றே இந்த மெனுவைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, இழுத்து நீட்டும் விப் ஆண்டெனா. பார்க்க அழகு, பைக்குள் அடங்கும், எல்லாருக்கும் முதலில் இதில்தான் ஆசை வரும். எனக்கும் வந்தது. 20 மீட்டர் பேண்டில் கால் அலை நீளமே 5 மீட்டர். ஒன்றேகால் மீட்டர் குச்சியின் அடியில் காயிலைச் சுற்றி அதை ஏமாற்றிப் பொருத்தும்போது, இருக்கிற 6 வாட்டில் பெரும்பகுதி காயிலிலும் தரையிலும் சூடாகப் போய்விடுகிறது. 100 வாட் வைத்திருப்பவர் அந்த இழப்பைத் தாங்குவார், நம்மால் முடியாது. இரண்டு மாதம் அந்தக் குச்சியோடு மல்லுக்கட்டிவிட்டு மூட்டை கட்டி வைத்தேன்.

எனக்குக் கண் திறந்தது ஒரு சாதாரண டைபோல், அதாவது நடுவில் ஊட்டும் அரை அலை ஒயர். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் அரை அலை நீளம் கிடைக்கும். 14.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டால் 10.14 மீட்டர். அளந்து, நடுவில் வெட்டி, கோஆக்ஸ் (ரிக்கையும் ஆண்டெனாவையும் இணைக்கும் கேபிள்) சேர்த்து, மரக்கிளையில் ஏற்றி நானோவிஎன்ஏ என்ற ஆண்டெனா அளவுக் கருவியில் பார்த்தேன். எஸ்டபிள்யூஆர் பள்ளம், அதாவது ஆண்டெனா நன்றாகப் பொருந்தும் இடம், 13.6இல் நிற்கிறது. கணக்கில் தப்பில்லை. ஒயருக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை அலையைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது. அதனால் அதே நீளம் மின்சாரத்துக்கு நீளமாகத் தெரிகிறது. ஒவ்வொரு முனையிலும் 16 சென்டிமீட்டர் போல மடித்து, ஒயரோடு ஒயராக இறுக்கி முறுக்கினேன். பள்ளம் 14.06க்கு வந்து உட்கார்ந்தது. வெட்டாதீர்கள், மடியுங்கள். இடம் மாறினால், உயரம் மாறினால் அது மறுபடி நகரும். மடித்ததைப் பிரித்துவிடலாம், வெட்டியதை என்ன செய்வது?

இப்போது நான் எடுத்துப்போவது 20 மீட்டர் நீள ஒற்றை ஒயர். ஒரு முனையில், ஒயரைக் கோஆக்ஸோடு பொருத்தும் 49:1 டிரான்ஸ்பார்மர். முனையில் ஊட்டும் அரை அலை ஆண்டெனா என்பார்கள். 40 மீட்டர் பேண்டுக்கு அரை அலை. அதே ஒயர் 20, 15, 10 மீட்டர் பேண்டுகளிலும் அரை அலைகளின் மடங்காகப் பொருந்திவிடும். ஒரு முனையை ஆறேழு மீட்டர் ஃபைபர் தூண்டில் கழியில் ஏற்றி, மறுமுனையைச் சரிவாகத் தாழக் கட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இந்த ரிக்கில் ஆண்டெனாவைப் பொருத்திக் கொடுக்கும் உள் டியூனர் கிடையாது என்பதால் தானாகப் பொருந்துகிற ஒயர்தான் நிம்மதி. ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த வகை ஆண்டெனாவில் கோஆக்ஸின் வெளிப்பின்னலும் ஆண்டெனாவின் ஒரு பகுதியாக வேலை செய்யும். ஒருநாள் என் கீயர் (மோர்ஸ் புள்ளி, கோடுகளை உண்டாக்கும் பகுதி) தானாகவே நடுநடுவே புள்ளி போட ஆரம்பித்தது. கீ கெட்டுவிட்டது என்று கழற்றிச் சுத்தம் செய்தேன், பலனில்லை. ரேடியோ அலை கோஆக்ஸ் வழியாக ரிக்குக்கே திரும்பி வந்து கீயருக்குள் புகுந்திருக்கிறது. ரிக் பக்கம் வரும் கோஆக்ஸை ஃபெரைட் (இப்படித் திரும்பும் அலையைத் தடுக்கும் காந்தப் பொருள்) வளையத்தில் ஒன்பது சுற்றுச் சுற்றினேன். அதோடு சரியாகிவிட்டது.

வீட்டிலிருந்து வெளியே போய் இதை இயக்குவதன் உண்மையான லாபத்தை நான் புரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆனது. வீட்டில் இதே ஒயரை மாட்டினால் 40 மீட்டரில் எஸ்-மீட்டர் (வரும் சிக்னலின் வலிமையைக் காட்டும் மீட்டர்) 7இல் அசையாமல் நிற்கும். எல்இடி விளக்கு, சார்ஜர், டிவி எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சல். மின்கம்பிகள் இல்லாத ஒரு மேட்டில் உட்கார்ந்தால் அது 1க்கு இறங்கிவிடும். ஒரு எஸ் அலகு என்பது 6 டெசிபெல். ஆறு அலகு இறங்கினால் 36 டெசிபெல். 100 வாட்டிலிருந்து 6 வாட்டுக்கு இறங்குவதில் நான் இழப்பது 12 டெசிபெல், அதாவது எதிர்முனையில் வெறும் இரண்டு அலகு. அனுப்புவதில் விட்டதைப்போல மூன்று மடங்கு டெசிபெல் கேட்பதில் வந்து சேர்கிறது! ஆறு வாட்டில் யார் கேட்பார்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். வீட்டில் இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடந்தவர்கள், அவர்களும் என்னைப் போலக் குறைந்த திறனில் இருப்பவர்கள், மேட்டில் ஒவ்வொருவராகத் தலைகாட்டுவார்கள்.

முதல் தொடர்பு 14.060 மெகாஹெர்ட்ஸில் கிடைத்தது, மோர்ஸில். உலகம் முழுக்கக் குறைந்த திறன்காரர்கள் சந்திக்கும் இடம் அது. எதிர்முனைக்காரர் 'சிக்யூ' (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) கொடுத்தார், நான் பதில் கொடுத்தேன். என் கால் சைனை (நிலையத்தின் அடையாளப் பெயரை) மூன்று முறை கேட்டு வாங்கினார். நான் தட்டும் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்தார். 339 என்று ரிப்போர்ட் வந்தது. படிக்கக் கஷ்டம், பலவீனம், ஆனால் சுதி சுத்தம். அதைக் குறித்துக்கொண்ட தாளை இன்னும் வைத்திருக்கிறேன், பென்சில் எழுத்து நடுங்கியிருப்பது தெரியும்.

மோர்ஸ் தெரியாமல் இதைத் தொடங்கலாமா என்று கேட்டால், தொடங்கலாம். ஆனால் கற்றுக்கொண்டால் இதே ரிக் இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். எஸ்எஸ்பியில் குரல் சுமார் இரண்டரை கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பரவிப் போகிறது; மோர்ஸில் அதே 6 வாட் ஒரு குறுகிய கோட்டில் குவிகிறது. 'சிக்யூ' கொடுத்துவிட்டு ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் என்ற இணையதளத்தைத் திறந்து பார்த்தால், எந்தெந்த நாட்டுத் தானியங்கி ரிசீவர்கள் நம்மைக் கேட்டன, எத்தனை டெசிபெலில் கேட்டன என்று ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். யாரும் பதில் தராத நாட்களில் கூட, அலை போய்ச் சேர்கிறது என்று அது சொல்லும். தொடக்கத்தில் எனக்கு அது பெரிய ஆறுதல்.

எஸ்எஸ்பியில் பொறுமை வேண்டும். பலர் ஒரே நேரத்தில் அழைக்கும் கூட்டத்தில் நாமும் சேர்ந்து கத்தினால் அடியில் போய்விடுவோம். எல்லாரும் அழைத்து ஓய்ந்த அந்த ஒரு நொடி இடைவெளியில் கால் சைனை ஒருமுறை, தெளிவாக, எழுத்தெழுத்தாகச் சொல்வேன். சிக்னல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அவர் குரல் ஏறும்போது அழைப்பேன்; அவர் எனக்கு நன்றாகக் கேட்கும் நேரம்தான் நான் அவருக்குக் கேட்கும் நேரமும். போட்டி நடக்கும் வார இறுதிகளில், அதுவும் இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல், பெரிய ஆண்டெனா வைத்திருக்கும் நிலையங்கள் புதிய கால் சைன் எதுவானாலும் தேடிப் பிடிக்கும். என் தூரத் தொடர்புகளில் பாதி அப்படி வந்தவை. மலையுச்சிகளிலிருந்து பேசும் 'சோட்டா' (சம்மிட்ஸ் ஆன் தி ஏர்) திட்டமும் அப்படியே. 2002இல் தொடங்கிய அதில் உச்சியின் மதிப்பெண் கிடைக்க நான்கு தொடர்பு போதும். நாம் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறோம் என்று பதிந்துவிட்டால் கேட்பவர்கள் நம்மைத் தேடி வருவார்கள்.

2017இல் வந்த எஃப்டி8 பற்றியும் ஒரு வார்த்தை. இது ரிக் இல்லை, கணினி வழியே குறுஞ்செய்தி பரிமாறும் முறை. காதுக்கே எட்டாத சிக்னலைக் கணினி படித்துவிடும் என்பதால் சின்ன ரிக்குக்கு அருமையான துணை. பின்பக்க டேட்டா சாக்கெட்டில் ஒரு சவுண்ட் இன்டர்ஃபேஸ் மாட்ட வேண்டும், கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 13 நொடி போல விடாமல் டிரான்ஸ்மிட் ஆவதால் ரிக் நன்றாகச் சூடேறும். நான் 2.5 வாட்டில்தான் வைப்பேன்.

11 மே 2024, சனிக்கிழமை. விடியற்காலையிலேயே ஏறிப்போய் ஒயரைக் கட்டினேன். 20 மீட்டர் செத்துக் கிடந்தது. 40, 15, 10 எங்கும் அதே கதை. டிரான்ஸ்பார்மரைத் திறந்து பார்த்தேன், கோஆக்ஸை மாற்றினேன், பிஎன்சி முனையைச் சுரண்டினேன். ரிக் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். கீழே இறங்கி வந்து போனில் பார்த்தால், 2003க்குப் பிறகு முதல் முறையாக ஜி5 அளவு (அளவுகோலின் உச்சம்) புவிக்காந்தப் புயல். ஷார்ட்வேவைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் என்ற கண்ணாடி நம் தலைக்கு மேலே இருக்கிறது; சூரியன் அதையே கலக்கிவிட்டிருக்கிறது. அன்றிலிருந்து கிளம்பும் முன் கே-குறியீட்டை (புவிக்காந்தக் கலக்கத்தின் அளவை) பார்க்காமல் நான் பையைத் தூக்குவதில்லை. அதே சூரியன்தான் அந்த வருஷக் கடைசியில் 10 மீட்டரைத் திறந்துவிட்டு, 6 வாட்டில் கண்டம் விட்டுக் கண்டம் பேச வைத்ததும்.

பேட்டரிதான் இந்த ரிக்கின் பலவீனமான பக்கம். சும்மா கேட்டுக்கொண்டிருப்பதற்கே 450 மில்லிஆம்பியர் வரை இழுக்கும் என்று மேனுவலே சொல்கிறது. இதே அளவுப் போட்டியாளரான எலெகிராஃப்ட் கேஎக்ஸ்2 கேட்கும்போது 135 மில்லிஆம்பியர்தான் எடுக்கும். உள்ளே வரும் 9.6 வோல்ட் பேட்டரி எனக்கு இரண்டரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இப்போது 4.5 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை வெளியே மாட்டுகிறேன். நான்கு செல், 12.8 வோல்ட், கடைசி வரை வோல்டேஜ் அசையாமல் நிற்பதுதான் அதன் அழகு. அரை நாளுக்கு மேல் தாங்கும். பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ் போடுங்கள். பின்பக்கப் பவர் பின் சின்னது, ஒயரின் கனம் அதில் தொங்கக் கூடாது. நான் ஒயரை ரிக்கின் பட்டையோடு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.

வேறு குறைகள்? ஏ, பி, சி என்று மூன்றே பட்டன்களில் எல்லா வேலையும் சுழன்று வருவதால் பழக ஒரு மாதம் ஆகும். பக்கத்து அதிர்வெண்ணில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் வாட்டர்ஃபால் திரை இல்லை. 2020இல் வந்த ஐகாம் ஐசி-705இல் அது இருக்கிறது, வெளி மின்சாரத்தில் 10 வாட்டும் இருக்கிறது. பக்கத்து சிக்னல்களை வடிகட்டும், மோர்ஸுக்கான 500 ஹெர்ட்ஸ் ஃபில்டரைத் தனியாக வாங்கிப் போட வேண்டும். நான் போட்டேன், போட்ட நாளிலிருந்து எடுக்கவில்லை. மோர்ஸ்தான் உங்கள் வழி என்றால் முதல் செலவை அதில் செய்யுங்கள்.

2 மீட்டரும் 70 சென்டிமீட்டரும் இதற்குள் இருப்பதன் அருமை ஒரு சாயங்காலம் தெரிந்தது. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது அதன் ரிப்பீட்டரை (வந்த சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவியை) 437.800 மெகாஹெர்ட்ஸில் கேட்டேன். வரும்போது 437.810, நடுவில் 437.800, விலகும்போது 437.790 என்று டாப்ளருக்கு (நகரும் வேகத்தால் வரும் அதிர்வெண் மாற்றத்துக்கு) ஏற்றபடி இறக்கிக்கொண்டே போக வேண்டும். பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எஃப்டி-818இன் தயாரிப்பு இப்போது நின்றுவிட்டது. வாங்குவதென்றால் பழையதுதான். வாங்கும் முன் 50 ஓம் டம்மி லோடும் (ஆண்டெனாவுக்குப் பதில் திறனைச் சூடாக வாங்கிக்கொள்ளும் மின்தடை) ஒரு வாட் மீட்டரும் கையோடு கொண்டுபோய், ஒவ்வொரு பேண்டிலும் ஐந்து நொடி டிரான்ஸ்மிட் செய்து பாருங்கள். எல்லா ஷார்ட்வேவ் பேண்டுகளிலும் திறன் ஏறக்குறைய ஒரே மாதிரி வர வேண்டும். பிறகு இரண்டு ஆண்டெனா சாக்கெட்டிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பவர் பின்னை லேசாக அசைத்துப் பாருங்கள். உள் பேட்டரி செத்திருந்தால் அதற்காகத் தயங்க வேண்டாம், எப்படியும் வெளிப் பேட்டரிக்குத்தான் வரப்போகிறீர்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஒயரும் ஃபெரைட் வளையமும் ஒரு தூண்டில் கழியும் வாங்கிவிடுங்கள்.