அருவிக்கு இறங்குவதா, சேர்வராயனுக்கு ஏறுவதா?

மார்கழிக் குளிர் தொடங்கினால் போதும், சேலத்து நண்பர்கள் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: "ஏற்காட்டுல ஒரு நாள் நல்லா நடக்கணும். கிளியூர் போலாமா, சேர்வராயன் கோயிலுக்குப் போலாமா?" இரண்டுமே ஏரிக்கரையிலிருந்து நடந்தே போய்வரக்கூடிய தூரம்தான். ஆனால் ஒன்று பள்ளத்துக்குள் இறங்குகிற நடை, மற்றது உச்சிக்கு ஏறுகிற நடை. எதற்குப் போவது என்பதை நான் மாதம் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

கிளியூர் அருவி ஏரிக்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரும் சுற்றுப்புற ஓடைகளும் சேர்ந்துதான் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து அந்தப் பள்ளத்தாக்கில் விழுகின்றன. அதனால் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் ஏரியை ஒரு பார்வை பார்த்துவிடுவேன். தண்ணீர் தளும்பி நின்றால் தைரியமாகப் போகலாம். கரையோரம் சேறு தெரிந்தால் அங்கே ஈரப் பாறைதான் மிச்சம் இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்கிற டிசம்பர்தான் அருவிக்கு நல்ல நேரம். பிப்ரவரியில் போய் ஏமாந்து திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய.

படியில் இறங்கும்போது முதலில் சத்தம்தான் வரும். அப்புறம் புருவத்தில் ஈரம். அதற்கும் பிறகுதான் மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு தெரியும். வெயில் அங்கே தாமதமாகத்தான் எட்டிப்பார்க்கும், ஆகவே காலை பத்து மணிக்குக்கூடப் பாறையைத் தொட்டால் விரல் சில்லிடும். இந்த மலை முழுக்க சார்னோகைட் என்கிற கல். கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் கல்லை வைத்து வந்த பெயர் அது. காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாக இருக்கிற பாறை நனைந்ததும் கறுத்து, பாசியும் சேர்ந்துகொண்டால் காலை வாரிவிடும். போன டிசம்பரில் மேலே கடை போட்டிருந்த பாட்டி, "செருப்போட போவாத கண்ணு, ராத்திரி பூரா மழை" என்று எங்களை நிறுத்தினார். நல்ல பிடிமானமுள்ள ஷூ இல்லாமல் இங்கே இறங்கவே கூடாது. மழை விட்ட மறுநாள் அட்டையும் இருக்கும்.

இன்னொரு விஷயம், இறங்குவது சுலபம். ஏற்றம் கடைசியில் காத்திருக்கிறது, களைத்த காலோடு ஏற வேண்டும். முட்டிவலி உள்ள என் சித்தப்பா திரும்பும்போது பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். அவரை அழைத்துப் போனது என் தப்பு.

சேர்வராயன் கோயில் நடையில் கஷ்டம் முதலிலேயே முடிந்துவிடும். 5,326 அடி உயரம், ஏரியிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதுவும் சீரான ஏற்றம். வழி நெடுக சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காப்பித் தோட்டம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே வந்த பயிர் அது. டிசம்பர், ஜனவரியில் அராபிகா பழம் பறிக்கிற வேலை நடக்கும். சிவந்த பழத்தை இரண்டு விரலால் அழுத்தினால் வழவழவென்று இரண்டு கொட்டை வெளியே வரும், வாயில் போட்டால் லேசாக இனிக்கும். (தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் பறியுங்கள்.)

கோயில் ஒரு குகைக்குள் இருக்கிறது. இருட்டான, குறுகலான இடம், குனிந்துதான் போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வங்கள், மே மாதத்தில் திருவிழா. வெளியே வந்தால் மேசைபோல் தட்டையான உச்சி, காற்று காதை அடைக்கும். குறை என்று சொன்னால், அதே சாலையில் வண்டிகளும் வரும். சனி, ஞாயிறில் நடந்து போவது சுகமில்லை. டிசம்பர் காலையில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே இருப்பவர் முகம்கூடத் தெரியாது, காட்சியை எங்கே தேடுவது?

பகோடா பாயிண்ட் பற்றியும் கேட்கிறார்கள். காட்சி அருமை. ஆனால் அது நடை அல்ல, வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் என் ஓட்டு கிளியூருக்கு. வருடத்தில் சில வாரங்களே கிடைக்கிற தண்ணீர் அது, உச்சி எங்கும் ஓடிவிடாது. தை பிறந்து வானம் தெளிந்துவிட்டால் சேர்வராயன். வயதானவர்கள் கூட வந்தால் எந்த மாதமானாலும் சேர்வராயன்தான், முடியாதபோது வண்டி கிடைக்கும். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம், இரண்டையும் அரைகுறையாகப் பார்ப்பீர்கள்.

கிளியூர் என்றால் மூன்று மணிக்கே மேலே ஏறிவிடுங்கள். பள்ளத்தில் சீக்கிரம் இருட்டும், அந்தி நேரத்தில் காட்டெருமை வழியில் நிற்கும். பையில் தட்டுவடை மட்டும் கொண்டு போங்கள், செட்டாக (இரண்டு தட்டுவடைக்கு நடுவே காயும் சட்னியும் வைத்து) போட்டு எடுத்துப் போனால் அருவிச் சாரலில் நமத்துவிடும்.