கனடா மிக்சருக்குக் கொழும்பில் கரண்ட்: 1000 வாட்ஸ் ட்ரான்ஸ்போமர் அனுபவம்

வெள்ளவத்தையில் கனடாச் சாமான் இல்லாத வீடு குறைவு. அக்கா அனுப்பிய கிச்சன்எய்ட் கேக் மிக்சர் 2019இலிருந்து எங்கள் குசினியில் ஓடுகிறது. அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. இரண்டுக்கும் நடுவில் இருப்பது, புறக்கோட்டையில் சொல்லிச் சுற்றுவித்த ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர், அதாவது வோல்டேஜைக் குறைக்கும் பெட்டி.

மிக்சரின் அடியில் 325 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. 500 வாட்ஸ் பெட்டி காணும் என்றார்கள். நான் 1000 கேட்டேன். அந்தக் காசு வீண்போகவில்லை. மோட்டார் கிளம்பும் நேரத்தில் இழுக்கிற கரண்ட் மிக அதிகம். நத்தார் காலத்தில் பட்டரும் சீனியும் நுரைக்க அடித்து, ரவையும் போட்டுத் தொடர்ந்து ஓடவிட்டாலும், பெட்டியின் மேல் தாராளமாகக் கை வைக்கலாம். பக்கத்து வீட்டு அன்ரியின் 500 பெட்டியில் அதே வேலைக்கு உள்ளே கம்பியில் பூசிய வார்னிஷ் கருகுகிற மணம் வரும்.

செம்புக் கம்பி, உள்ளே வரும் 230க்கும் வெளியே போகும் 120க்கும் தனித்தனிச் சுற்று, மூன்றாவது பின்னுக்கு எர்த்: இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஒரே சுற்றில் செய்யும் ஓட்டோ ட்ரான்ஸ்போமர் மலிவுதான். ஆனால் அதில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பகுதிக் கம்பி அறுந்தால் 230உம் நேரே மிக்சருக்குள் போகும். பயணத்துக்கு விற்கிற கையளவு கன்வேர்ட்டர்களில் மோட்டார் சாமான்களைக் கொழுவவே வேண்டாம்.

ஒன்று விளங்க வேண்டும்: பெட்டி வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸ் 50 ஆகவே இருக்கும். மிக்சரில் இருப்பது ஹேர்ட்ஸைப் பார்த்து ஓடாத கார்பன் பிரஷ் மோட்டார் என்பதால் பிரச்சினை இல்லை. கரண்டின் துடிப்பை எண்ணி ஓடுகிற அமெரிக்க மணிக்கூடு என்றால் மணிக்கு 10 நிமிடம் பிந்தும். பழைய பாணி மைக்ரோவேவ் இரைந்து சூடேறும். அதைக் கொண்டுவருவதில் பயனில்லை.

வேலை முடிந்ததும் சுவரில் ஓஃப் பண்ணிவிடுவோம். சும்மா இருந்தாலும் பெட்டி கொஞ்சம் கரண்ட் குடிக்கும். 2022 மின்வெட்டு நாட்களில் கரண்ட் திரும்பி வந்த வேகத்துக்கு இந்தப் பழக்கம் நல்ல காவலாக இருந்தது.

அக்கா அடுத்த முறை அயன் கொண்டுவரட்டா என்று கேட்டார். 1500 வாட்ஸ் அயனுக்கு இதைவிடப் பெரிய பெட்டி வேண்டும். அந்த விலைக்கு இங்கேயே நல்ல அயன் வாங்கலாம். “ஃபோன் சார்ஜர் கொண்டுவாங்கோ அக்கா” என்றேன். 100–240 என்று போட்டிருந்தால் பிளக்கை மாற்றினாலே சரி.