டா வின்சி கோடா, பென்-ஹரா: எதில் கற்பனை கூட?

"சேர், நிசேயாவில வோட்டு எடுத்துத்தானாம் இயேசுவைக் கடவுளாக்கினது. மெய்யா?"

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் ‘டா வின்சி கோட்’ வாசித்தால் இப்படித்தான் வந்து நிற்பார்கள். நிசேயா என்பது 325இல் திருச்சபை ஆயர்களின் சங்கம் கூடிய ஊர். மட்டக்களப்பில் கத்தோலிக்கப் பிள்ளையும் கேட்கும், மெதடிஸ்தப் பிள்ளையும் கேட்கும், சைவப் பிள்ளை இன்னும் ஆர்வமாகக் கேட்கும். ‘பென்-ஹர்’ வாசித்துவிட்டு ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. பக்தியாக எழுதிய நாவல் என்றால் உள்ளே இருப்பதும் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சரி, கிறிஸ்தவ வரலாற்றைக் கதையாக்கிய நாவல்கள் சிலவற்றை அருகருகே வைத்துப் பார்ப்போம். எது விசுவாசத்தைப் புண்படுத்துகிறது என்பதைப் பாதர்மாரும் போதகர்மாரும் பார்த்துக்கொள்ளட்டும். கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதை எந்த நாவல் மறைக்கிறது என்று மட்டும் நான் பார்க்கிறேன்.

டான் பிரவுன் 2003இல் எழுதிய ‘டா வின்சி கோட்’ கதைக்கு முன்னால் ஒரு பக்கம் வைத்திருக்கிறது. அதன் தலைப்பே ‘உண்மை’. சீயோன் சபை 1099இல் தொடங்கிய நிஜமான இரகசியச் சங்கம், அதன் ஆவணங்கள் 1975இல் பாரிஸ் தேசிய நூலகத்தில் அகப்பட்டன, நாவலில் வரும் ஓவியம், கட்டடம், ஆவணம், சடங்கு பற்றிய வருணனையெல்லாம் துல்லியம் என்று அந்தப் பக்கம் அடித்துச் சொல்கிறது. இந்த நாவலோடு எனக்குள்ள சண்டையில் பாதி இந்த ஒரு பக்கத்தோடுதான். அந்தச் சபையை 1956இல் பிரான்சில் பதிவு செய்தவர் பியேர் பிளாந்தார் என்பவர். நூலகத்தில் இருந்த காகிதங்கள் 1960களில் அவருடைய வட்டத்தார் கொண்டுபோய் வைத்தவை.

இதில் ஒரு தந்திரத்தையும் கவனிக்க வேண்டும். நிசேயா பற்றியோ இயேசுவைப் பின்பற்றிய மகதலா மரியா பற்றியோ அந்தப் பக்கம் வாயே திறப்பதில்லை. அதையெல்லாம் பிறகு கதைக்குள் வரும் வரலாற்றறிஞர் ஒருவர் சொல்கிறார். முதல் பக்கத்திலேயே ‘உண்மை’ என்று வாசித்துவிட்டு வந்தவர் அவர் சொல்வதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். மடக்கிக் கேட்டால் ‘அது பாத்திரத்தின் கருத்து’ என்று ஆசிரியர் நழுவலாம்.

நிசேயாவில் 325இல் நடந்தது வேறு. இயேசு வெறும் மனிதரா கடவுளா என்று அங்கே யாரும் வோட்டுப் போடவில்லை. மகன் தந்தைக்கு நிகரானவரா, தந்தையால் படைக்கப்பட்டவரா என்பதுதான் வழக்கு. படைக்கப்பட்டவர் என்று வாதிட்ட ஆரியுஸ்கூட அவரைச் சாதாரண மனிதர் என்று சொன்னவரல்லர். நூலில் வருவதுபோல நெருக்கமான வாக்கெடுப்பும் இல்லை. கூடியிருந்த நூற்றுக்கணக்கான ஆயர்களில் கடைசிவரை ஒப்புக்கொள்ளாமல் நின்றவர்கள் இரண்டே பேர். அதற்கும் இருநூறு வருடத்துக்கு முன்பே, 112ஆம் ஆண்டளவில், உரோம ஆளுநர் பிளினி தன் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைக் கடவுளாக வைத்துப் பாடுகிறார்கள் என்று குறிப்பிட்டிருக்கிறார். பிளினி கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவர். அவருக்குப் பொய் சொல்லத் தேவையில்லை.

சூனியக்காரிகள் என்று திருச்சபை ஐம்பது இலட்சம் பெண்களை எரித்ததாகவும் நாவல் சொல்கிறது. இன்றைய வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு நாற்பதாயிரத்துக்கும் அறுபதாயிரத்துக்கும் இடையில், அதிலும் ஆண்கள் உண்டு, தீர்ப்புச் சொன்னவற்றில் பெரும்பாலானவை ஊர் நீதிமன்றங்கள். நடந்ததே போதிய கொடுமை. அதை நூறு மடங்கு பெருப்பித்தால் நடந்ததையும் ஆட்கள் நம்பமாட்டார்கள்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மகதலா மரியா விசயத்தில் நாவல் தொட்ட இடம் உண்மையான காயம். அவரை விபசாரி என்று எந்த நற்செய்தியும் சொல்லவில்லை. 591இல் பாப்பரசர் பெரிய கிரகோரியார் ஒரு பிரசங்கத்தில் அவரையும் லூக்காவில் வரும் பாவியான பெண்ணையும் ஒருவராக்கிவிட்டார். மேற்குத் திருச்சபை அந்தக் குழப்பத்தை 1969வரை வழிபாட்டு நாட்காட்டியில் சுமந்தது. கிழக்குத் திருச்சபைகள் ஒருபோதும் அப்படிக் குழப்பவில்லை. 2016இல் பிரான்சிஸ் பாப்பரசர் அவருடைய நாளை, யூலை 22ஐ, அப்போஸ்தலர்களுக்குரிய விழாத் தரத்துக்கு உயர்த்தினார். இந்தப் பாதி உண்மை இருப்பதால்தான், அவர் இயேசுவின் மனைவி என்ற மீதிக் கற்பனையும் சுலபமாக உள்ளே போகிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் பிலிப்பு நற்செய்தி வேதாகமத்தில் இல்லாத நூல், 1945இல் எகிப்தில் கிடைத்த கொப்டிக் (பழைய எகிப்திய மொழி) பிரதி. இயேசு மரியாவை முத்தமிட்டதாகச் சொல்லும் வரியில் முக்கியமான இடமே சிதைந்துபோய்விட்டது.

2006இல் படம் வந்தபோது ஆயர்களின் வேண்டுகோளின்படி இலங்கையில் தடை செய்தார்கள். அந்தத் தடையால் ஒரு பிள்ளையின் சந்தேகமாவது தீர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி ‘பென்-ஹர்’. லூ வாலஸ் என்ற அமெரிக்க ஜெனரல் 1880இல் எழுதியது. பயபக்தியான நூல். சங்கிலியால் கட்டிய அடிமைகள் உரோமப் போர்க்கப்பலில் துடுப்பு வலிக்கும் காட்சியை மறக்க முடியாது, ஆனால் கதை நடக்கும் இயேசு காலத்து உரோமக் கடற்படையில் துடுப்பு வலித்தவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்தவர்கள். கீழ்த்திசை ஞானிகள் மூவர் வருகிறார்கள், அதில் மெல்கியோர் ஓர் இந்து! மத்தேயு அவர்களுடைய பெயரையும் சொல்லவில்லை, எத்தனை பேர் என்றும் சொல்லவில்லை. மூன்று ராசாக்கள் இல்லாமல் நம் ஊரில் நத்தார்க் குடில் கட்டமாட்டோம், அது வேறு. பாண்டிருப்பில் பாரதம் கேட்டு வளர்ந்தவரிடம் அர்ச்சுனனை மணந்த அல்லி வியாசரிடம் இல்லை, தமிழ்க் கதைப்பாடலில்தான் இருக்கிறாள் என்று சொல்லிப் பாருங்கள். கற்பனை மரபாகிவிட்டால் அதை ஒருவரும் சோதிப்பதில்லை.

1896இல் வந்த ‘குவோ வாடிஸ்’ நாவலும் இந்த வகைதான். பேரரசன் நீரோ கிறிஸ்தவர்களைக் கொன்றது வரலாறு, உரோம வரலாற்றாசிரியர் தசித்தஸ் எழுதியிருக்கிறார். உரோமை விட்டு ஓடும் பேதுரு வழியில் கிறிஸ்துவைச் சந்திப்பது புதிய ஏற்பாட்டில் இல்லை, இரண்டாம் நூற்றாண்டுப் ‘பேதுருவின் பணிகள்’ என்ற நூலில் இருக்கிறது. நாவலாசிரியர் சியென்கியேவிச் இதை எங்கும் பிரித்துக் காட்டவில்லை.

எனவே பொய்யை எண்ணினால் டான் பிரவுன் வெகுதூரம் முன்னால். மறைத்ததைப் பார்த்தால் மற்ற இருவரும் சுத்தமில்லை. அவர்கள் ‘உண்மை’ என்று பக்கம் போடவில்லை என்பதுதான் வித்தியாசம். அது பெரிய வித்தியாசம்தான்.

கிரேக்க எழுத்தாளர் கசான்ட்சாகிஸின் ‘கடைசிச் சோதனை’யில்தான் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கேயும் இயேசு மகதலா மரியாவோடு சேர்கிறார், பிள்ளை குட்டியோடு வாழ்கிறார். ஆனால் அதெல்லாம் சிலுவையில் தொங்கும்போது வரும் ஒரு மயக்கக் காட்சி. கடைசியில் அதை உதறிவிட்டுச் சிலுவைக்கே திரும்புகிறார். இது வாழ்க்கை வரலாறு அல்ல, போராடும் மனிதனின் வாக்குமூலம் என்று முன்னுரையிலேயே ஆசிரியர் சொல்லிவிடுகிறார். 1954இல் வத்திக்கான் இதைத் தடைநூல் பட்டியலில் போட்டது. இதை வாசித்துவிட்டு "மெய்யா?" என்று கேட்டு வருபவர் இல்லை. நற்செய்தி தெரியாதவருக்கு இதை முதலில் கொடுக்கமாட்டேன். தெரிந்தவர் கட்டாயம் வாசிக்கட்டும்.

வரலாறும் வேண்டும் கதையும் வேண்டும் என்பவருக்கு என் தெரிவு ஷுசாகு எண்டோவின் ‘மௌனம்’, 1966. கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த ஜப்பானில் நடக்கும் கதை. சித்திரவதையில் 1633இல் விசுவாசத்தை மறுதலித்த ஃபெரெய்ரா நிஜமான இயேசுசபைக் குரு, நாவலிலும் அதே பெயரில் வருகிறார். கதாநாயகன் ரொட்ரிகஸின் மனத்துக்குள் எண்டோ நிறையக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது. அதனால் கியுசெப்பே கியாரா என்ற நிஜக் குருவின் வாழ்க்கையை எடுத்துப் பெயரை மாற்றிவிட்டார். நமக்கும் இது அந்நியக் கதையில்லை. ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள், புரட்டஸ்தாந்தரான அவர்களுடைய ஆட்சியில் கத்தோலிக்கர் ஒளித்து வாழ்ந்தார்கள், 1687இல் கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ் இலங்கைக்குள் மாறுவேடத்தில்தான் வர முடிந்தது. இயேசுசபையார் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியில் படித்த ஊர்க்காரர் யாராவது அந்தக் காலத்தை எண்டோ மாதிரி, எது நிஜம் எது கற்பனை என்று தெரியும்படி எழுதினால் அலுமாரியில் முதல் இடம் அதற்குத்தான்.