மெயின்ஃப்ரேம் திரை: ஒவ்வொரு கணினியிலும் நிறுவுவதா, உலாவியில் திறப்பதா?

கிளைகளில் இருக்கும் எழுத்தர்களுக்கு மெயின்ஃப்ரேம் எனும் பெரிய மையக் கணினியின் 3270 திரையை (எழுத்துகள் மட்டும் தெரியும் பதிவுத் திரை) கொடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒவ்வொரு கணினியிலும் எமுலேட்டரை, அதாவது அந்தத் திரையைப் போலவே இயங்கும் மென்பொருளை, நிறுவலாம். அல்லது நடுவில் ஒரு சர்வரை வைத்து உலாவியிலேயே திரையைத் திறக்கலாம். முதல் வழியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இரண்டாவதற்கு மாறியவர்கள் நாங்கள். என் பரிந்துரையும் இரண்டாவதே.

வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. 1971-இல் ஐபிஎம் வெளியிட்ட 3270 முறையில், திரையை நிரப்பி என்டர் தட்டிய பிறகே விவரங்கள் மொத்தமாக மெயின்ஃப்ரேமுக்குப் போகும் என்பதால் மெதுவான இணைப்பும் தாங்கும். டபிள்யூசி3270 என்ற எமுலேட்டர் இலவசமாகவே கிடைப்பதால் விலையும் முடிவைத் தீர்மானிக்காது.

தீர்மானிப்பது பராமரிப்பு. நிறுவிய எமுலேட்டர் ஒவ்வொன்றிலும் முகவரி, போர்ட் (இணைப்பு வாயில் எண்), எல்யூ பெயர் (மெயின்ஃப்ரேம் அந்தத் திரையை அடையாளம் காணும் பெயர்), விசை அமைப்பு, சான்றிதழ் ஆகியவை தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். போர்ட் 23-இலிருந்து டிஎல்எஸ் குறியாக்கப் பாதுகாப்புள்ள 992-க்கு மாறியபோது, ஒரு கணினி விடாமல் அனைத்தையும் தொட வேண்டியிருந்தது. ஒருவருடைய அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்துப் பக்கத்து மேசையில் போட்டுவிட்டால் இருவருக்கும் ஒரே எல்யூ பெயர் அமைந்து, முதலாமவர் வெளியேறும்வரை அடுத்தவர் இணைய முடியாது. இதன் காரணத்தைத் தொலைபேசியில் ஓர் எழுத்தருக்கு விளக்குவது கடினம். இன்னொன்று, பூட்டிய புலத்தில், அதாவது எழுத அனுமதியில்லாத இடத்தில், தவறித் தட்டினால் அடிவரியில் எக்ஸ் குறி தோன்றி விசைப்பலகை முடங்கும். ரீசெட் விசை தெரியாதவர், கணினி நின்றுவிட்டதென்று எண்ணி அதையே அணைத்துவிடுவார். சர்வரில் ஒரே ஒரு முறை அமைத்தால், எல்லாருடைய திரையிலும் ரீசெட் பொத்தான் தெரியும்.

உலாவிக்கும் குறைகள் உண்டு. எஃப்3, எஃப்5 போன்ற விசைகளைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் உலாவியிடமிருந்து அவற்றை மீட்கும் மென்பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும். கன்ட்ரோல்-டபிள்யூவைப் பெரும்பாலும் மீட்க முடியாது. தட்டினால் பக்கம் மூடிக்கொள்ளும், என்டர் தட்டாத விவரம் போய்விடும். ஜாவா ஆப்லெட் (உலாவிக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல்) கேட்பவற்றைத் தொடவே வேண்டாம். குரோம் 2015-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017-இலும் அதைக் கைவிட்டுவிட்டன. நடு சர்வர் விழுந்தால் எல்லாரும் நிற்பார்கள் என்பதால் இரண்டு சர்வர்கள் தேவை.

நாள் முழுவதும் பதிவு செய்பவர்களுக்கு மட்டும் நிறுவிய எமுலேட்டரையே விட்டுவைத்திருக்கிறோம், அவர்கள் விரல்களின் பழக்கம் அதில்தான் இருக்கிறது. மெயின்ஃப்ரேமிலிருந்து நேரடியாக அச்சிடும் வேலை எங்களிடம் மிகக் குறைவு. அது அதிகம் உள்ளவர்கள் முதலில் ஒரு கிளையில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.