பழைய பலகை டைனிங் டேபிள்: அழகுதான், ஆனால் அந்த இடுக்கு!

காட்பாடியில் வீடு கட்டும் நண்பர், தன் டைனிங் செட்டையும் எங்களுடையது போலப் பழைய மரமும் தேய்ந்த பெயிண்டுமாகத் தெரியும் பண்ணை வீட்டுத் தோற்றத்துக்கு மாற்றலாமா என்று கேட்டார். போனில் சொன்னால் புலம்பலாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது ரப்பர் மரக் கால்களும் பளபள வெள்ளை சன்மைக்காவும் கொண்ட வழக்கமான செட். மேல்பலகையைக் கழற்றிவிட்டு, இடித்த ஓட்டு வீட்டின் தேக்குப் பலகைகளைப் பதித்தார் ஆசாரி. கால்களையும் நாற்காலிகளையும் உப்புத்தாளால் தேய்த்து, சுண்ணாம்பு பூசியது போல மங்கலாகத் தெரியும் சாக் பெயிண்ட் அடித்து, ஓரங்களை மட்டும் மறுபடி தேய்த்து மரம் தெரிய விட்டோம். போளூரிலிருந்து வந்த அத்தை, "அதுக்குள்ள பெயிண்ட் உரிஞ்சுபோச்சே, கடைக்காரனைக் கேக்கலையா?" என்றார். காசு கொடுத்து உரித்தது என்று சொல்ல வாய் வரவில்லை.

நாற்காலிகளில் குறையே இல்லை. முன்பு வெள்ளையில் ஒரு கீறல் விழுந்தால் வீட்டில் பஞ்சாயத்து நடக்கும். இப்போது பிள்ளைகள் இடித்தால் அதுவும் அழகோடு சேர்ந்துவிடுகிறது. மேலே பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் கட்டாயம் அடியுங்கள். மெழுகை மட்டும் நம்பினால் சாம்பாரின் மஞ்சள் இறங்கிவிடும்.

தொல்லையெல்லாம் பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில்தான். மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். மே மாதம் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது இடுக்கு வாயைத் திறக்கும், ஐப்பசி மழையில் மூடிக்கொள்ளும். உள்ளே கிடக்கும் சோற்றுப் பருக்கையோடு சேர்த்துத்தான் மூடும்! கேழ்வரகுக் களி சிக்கினால் சிமெண்ட் பூசியது போல இறுகிவிடும். ரசம் கொட்டினால் துணி எடுப்பதற்குள் மடியில் சொட்டும். அப்புறம் எறும்பு. சாப்பிட்டு முடித்ததும் ஈர்க்குச்சியோடு குனிவதே என் வேலையாகிவிட்டது. பிரியாணி வாங்கி வந்தால் பேப்பர் விரித்துத்தான் சாப்பாடு. மரம் தெரியத்தானே இத்தனை செலவு?

மரத்தூளில் பசை குழைத்து அடைத்தோம். அடுத்த கோடையில் பொருக்குப் பொருக்காக வந்துவிட்டது. போன மாதம் ஒரு பலகையே விரிசல் விட்டது. ஆசாரி வந்து, அடியில் இருந்த ஸ்க்ரூ துளைகளைக் குறுக்குவாட்டில் நீளமாக்கினார். "மரம் நகர இடம் வேணும் சார், இறுக்கிப் போட்டா வெடிக்கும்." சரி, விரிசல் நின்றது, இடுக்கு அப்படியே இருக்கிறது. மேலே கண்ணாடி போடலாம் என்றார். கண்ணாடி போட்டால் மறுபடி விரல் ரேகையைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டும், வேண்டாம் என்றேன்.

ஆகவே நண்பரே, நாற்காலியை மாற்றுங்கள், காலை மாற்றுங்கள், மேல்பலகையைத் தொடாதீர்கள். இடித்த வீட்டு மரம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள். அதில் ஒரு பெஞ்சும் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு அகலமான பலகை, இடுக்கு கிடையாது.